வால்வில் படியும் கரி: திட்டக்குடி வட்டார எஞ்சின்களை முன்வைத்து ஒரு வாதம்

எஞ்சின் வால்வில் கரி பிடித்தால் அதை உடைமையாளரின் குற்றமாகப் பார்ப்பதே நம்மிடம் வழக்கம். ஆயில் மாற்றவில்லை, மட்டமான டீசல் ஊற்றினார், கவனிக்காமல் ஓட்டினார், ஆகவே கரி. ஹெட்டை இறக்கி, சுரண்டி, வால்வை அரைத்து, புது கேஸ்கட் வைத்து மூடினால் வேலை முடிந்தது என்று உடைமையாளர், மெக்கானிக் ஆகிய இரு தரப்பும் எண்ணிக்கொள்கின்றன. சில மாதங்களில் அதே கரும்புகை, அதே இழுப்புக் குறைவு. வெள்ளாற்றின் வடகரையிலுள்ள திட்டக்குடியையும் அதைச் சுற்றிய தொழுதூர், பெண்ணாடம், வேப்பூர்ப் பகுதிகளையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை சொல்ல வருவது வேறு. கரி படிவதைத் தீர்மானிப்பதில் சுத்தம் செய்யும் முறைக்கு இருக்கும் பங்கு சிறிது. எஞ்சின் எவ்வளவு சூட்டில் ஓடுகிறது என்பதற்கு இருக்கும் பங்கு பெரிது. சூடு குறைவதற்கான காரணங்களோ பட்டறைக்கு வெளியே, வயலிலும் வாய்க்காலிலும் எரிபொருள் கொள்கையிலும் கிடக்கின்றன.

வால்வின் வேலையிலிருந்து தொடங்கலாம். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 750 முறை, மணிக்கு 45,000 முறை திறந்து மூடுகிறது. மூடியிருக்கும் நேரத்தில்தான் அது குளிர்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, சீட்டோடு அது ஒட்டும் மெல்லிய வளையத்தின் வழியாகவே ஹெட்டுக்குப் போகிறது. மிச்சம் தண்டு வழியாகக் கைடுக்கு இறங்குகிறது. அந்த வளையத்தில் ஒரு கரித்துணுக்கு சிக்கினால் இரண்டு கேடு ஒன்றாக வரும். வெப்பம் வெளியேறும் வழி அடைபடும். இடைவெளியில் எரியும் வாயு பீறிட்டு வால்வின் விளிம்பை அரிக்கும். மெக்கானிக்குகள் ‘வால்வு சுட்டுப்போச்சு’ என்பது இதைத்தான். தண்டில் படியும் கரி இன்னொரு வகையில் கெடுக்கும்: கைடுக்குள் வால்வு சிக்கி, பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிடும்.

கரி ஏன் நிற்கிறது என்பதற்குப் பீங்கானிலிருந்து ஒரு விளக்கம் எடுக்கலாம். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற, பக்கத்து விருத்தாசலத்துக்காரர்களுக்கு அது அந்நியமான பொருளும் அன்று. பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் உள்ள வெள்ளைப் பீங்கான் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டால், அதன்மேல் படியும் கரி தானே எரிந்துபோகும். அந்தச் சூட்டை எட்டாத பிளக் கறுத்து அடைத்துக்கொள்ளும். பிளக் தயாரிப்பாளர்கள் எஞ்சினுக்கு ஏற்ற ‘வெப்ப எண்’ கொண்ட பிளக்கைப் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. வால்வுக்கும் இதே நியாயம்தான். முழுச் சுமையில் ஓடும் எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வுத் தலை, படியும் கரியைப் பெரிதும் எரித்துவிடும். இன்லெட் வால்வு குளிர்ந்த காற்றில் நனைந்துகொண்டே இருப்பதால் அந்தச் சூட்டுக்கு ஏறாது. கைடு வழியே இறங்கும் ஆயில் அதன் கழுத்தில் வறுபட்டுக் கெட்டியாகும்.

கரி படியும் இடம் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது தமிழ்நாட்டுப் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின, டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கேஸ் பிளாண்டுகளைத் தயாரித்தது. கரியையும் விறகையும் அரைகுறையாக எரித்து எடுக்கும் இந்த வாயுவோடு தாரும் வரும். குளிர்ந்த இடத்தில்தான் தார் உறையும் என்பதால் அந்த முறையில் மாட்டிக்கொள்வது இன்லெட் வால்வு. பின்னர் ஈயம் கலந்த பெட்ரோலின் காலம். ஈய உப்புகள் எக்ஸாஸ்ட் வால்வில் படிந்தன. அதே ஈயம் வார்ப்பிரும்புச் சீட்டுக்கு ஒருவகை மெத்தையாகவும் இருந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே என்றானபோது படிவு குறைந்தது. பழைய எஞ்சின்களின் சீட்டுக்குத் தேய்மான ஆபத்து வந்தது. இந்த இரண்டு மாற்றங்களையும் எந்த ஓட்டுநரும் எந்த மெக்கானிக்கும் தீர்மானிக்கவில்லை.

இனி திட்டக்குடி வட்டாரத்துக்கு வருவோம். 1923-இல் கட்டிமுடிக்கப்பட்ட வெலிங்டன் ஏரியின் பாசனப் பரப்பில் நெல்லும் கரும்பும். அதற்கு வெளியே மானாவாரி மேட்டுநிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும். டீசல் பம்பு செட்டுகளின் இடத்தை மின்மோட்டார் பெருமளவு பிடித்துக்கொண்டது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் அனைத்து விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்ததே அதற்குப் பெருங்காரணம். ஆனாலும் டீசல் எஞ்சின் மறையவில்லை. மின் இணைப்புக்குக் காத்திருப்பவர், வாய்க்காலிலிருந்தும் குட்டையிலிருந்தும் இறைப்பவர், மின்சாரம் நிற்கும் வேளையில் பயிரைக் காக்க வேண்டியவர் எல்லோருக்கும் அது இன்றும் வேண்டும். முன்பு நாள் முழுக்க ஓடிய எஞ்சின் இப்போது விட்டுவிட்டு, குறுகிய நேரம், குறைந்த சுமையில் ஓடுகிறது. மின்சாரம் எஞ்சினுக்கு ஓய்வு தந்தது. அந்த ஓய்வே கரிக்கு வழி செய்தது என்பது என் கணிப்பு.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது சுமை. 5 குதிரைத்திறன் எஞ்சின் தரக்கூடியது 3.7 கிலோவாட். நொடிக்கு 10 லிட்டர் நீரை, குழாய் உராய்வையும் சேர்த்து 7 மீட்டர் ஏற்றத்துக்கு இறைப்பதாக வைத்துக்கொண்டால் நீருக்குத் தேவையானது 0.69 கிலோவாட். பம்பின் திறன் ஐம்பது சதவீதம் எனில் எஞ்சின் தர வேண்டியது சுமார் 1.4 கிலோவாட், அதாவது அதன் திறனில் 37 சதவீதம். புட் வால்வு பாதி அடைபட்டோ குழாய் குறுகியோ நீர் குறைந்தால் சுமை இன்னும் இறங்கும். இவ்வகை எஞ்சினில் முழுச் சுமையில் 400 டிகிரியை ஒட்டி இருக்கும் புகையின் வெப்பம், சுமையே இல்லாதபோது 200-க்குக் கீழே போய்விடும். சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் பிஸ்டன் ரிங்குகளும் லைனரோடு இறுக ஒட்டுவதில்லை. ஆயில் மேலே ஏறுகிறது. எரியாத டீசலும் ஆயிலும் சேர்ந்து எக்ஸாஸ்ட் துவாரத்தில் பிசினாகப் படிகின்றன. பிறகு ஒருநாள் எஞ்சினுக்கு முழுச் சுமை கொடுத்தால் அந்தப் பிசின் கெட்டித்து, உடைந்து, சீட்டில் போய் விழும்.

இரண்டாவது குளிர்விக்கும் நீர். என் பார்வையில் இதுதான் பெரிய காரணம். அதிகம் பேசப்படாததும் இதுதான். நீரால் குளிரும் பம்பு செட்டுகள் பலவற்றில், பம்பிலிருந்து வரும் நீரில் ஒரு கிளையை அப்படியே எஞ்சினின் ஜாக்கெட்டுக்குள் விட்டு வெளியே ஓடவிடுகிறார்கள். ரேடியேட்டர் வேண்டாம், தெர்மோஸ்டாட் வேண்டாம், சூடேறும் பயமும் இல்லை. வெளியே விழும் நீரில் கை வைத்து, ஜில்லென்று இருந்தால் எஞ்சின் நன்றாக இருப்பதாக விவசாயி நிம்மதி அடைகிறார். உண்மையில் அது எஞ்சின் குளிரில் விறைக்கிறது என்பதற்கான சான்று. கிணற்று நீரின் குளுமையில் லைனர் சூடேறாது. டீசல் துளிகள் அதன்மேல் ஒட்டி ஆயிலோடு கலக்கும். டீசலில் கந்தகம் அதிகமாக இருந்த ஆண்டுகளில் அமிலம் உறைந்து லைனரைத் தேய்த்தது. தேய்ந்த லைனர் மேலும் ஆயிலை எரிக்கும். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் அமிலத் தொல்லை அடங்கிவிட்டது. குளிர்ந்த லைனரின் தொல்லை அடங்கவில்லை.

புட் வால்வை மாற்றுவதையும் வழுவழுப்பான பி.வி.சி. குழாய் போடுவதையும் டீசல் சிக்கனத்துக்காகப் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் (பி.சி.ஆர்.ஏ.) நெடுங்காலம் பரப்பியது. பயனுள்ள வேலை. ஆனால் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும்: குழாய் உராய்வைக் குறைத்தபின் அதே நீரை இறைக்க எஞ்சினுக்குச் சுமை மேலும் குறையும். பம்பையும் எஞ்சினையும் சேர்த்துச் சிறிதாக்காமல் குழாயை மட்டும் மாற்றினால் டீசல் மிச்சமாகும், எஞ்சின் இன்னும் குளிர்ந்து ஓடும்.

நம் ஆய்வுலகம் இதை ஏன் தவறவிட்டது? சிறு டீசல் எஞ்சின்களின் நீண்டகால உழைப்பைச் சோதிக்க இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10000 ஒன்பதாம் பகுதி ஒரு முறையை வகுத்திருக்கிறது: 16 மணி நேரச் சுற்றுகள் 32, மொத்தம் 512 மணி நேரம். ஒவ்வொரு சுற்றிலும் முழுச் சுமை, அரைச் சுமை, சிறிது நேரம் பத்து சதவீதக் கூடுதல் சுமை. சுமையின்றி ஓடுவது அரைமணி நேரம் மட்டும், அதாவது மூன்று சதவீதம். இச்சோதனையில் தேறிய எஞ்சின் நன்றாக உழைக்கும் எஞ்சின் என்பதில் ஐயமில்லை. ஆனால் மண்டபத்து வாசலில் நான்கு மின்விசிறிக்காக இரவெல்லாம் ஓடும் ஜெனரேட்டரும், கரும்பு ஏற்றி முடியும்வரை அணைக்காமல் நிற்கும் டிராக்டரும், 37 சதவீதச் சுமையில் குளிர்நீர் பாயும் பம்பு செட்டும் அந்தச் சோதனையில் எங்கும் இல்லை.

கல்லூரி ஆய்வகங்களின் நிலை இன்னும் குறுகியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உட்பட நாட்டின் பல பொறியியல் துறைகளில் கிர்லோஸ்கர் டி.வி.1 என்ற ஒற்றை சிலிண்டர் எஞ்சின்தான் ஆய்வுக் குதிரை: 87.5 மில்லிமீட்டர் துளை, 110 மில்லிமீட்டர் வீச்சு, 5.2 கிலோவாட். அதில் புங்கம், காட்டாமணக்கு, வேம்பு என்று எண்ணெய்க்கு ஓர் ஆய்வேடு வந்துவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு சுமையிலும் சில நிமிடம் ஓட்டி, வெப்பத் திறனையும் புகையடர்த்தியையும் நைட்ரஜன் ஆக்சைடையும் அளந்து முடித்துவிடுகின்றன. நிமிடங்களில் கரி படியாது. ஹெட்டைக் கழற்றி வால்வை எடைபோட்டுப் பார்த்தவை சொற்பம்.

விதிவிலக்கு உண்டு. ஆளி விதையிலிருந்து எடுத்த பயோடீசலை 20 சதவீதம் கலந்து 512 மணி நேரச் சோதனை நடத்திய அவினாஷ் குமார் அகர்வாலும் அவருடன் பணியாற்றியவர்களும், கலப்பு எரிபொருளில் ஓடிய எஞ்சினில் கரிப்படிவு கணிசமாகக் குறைந்ததைக் கண்டார்கள். இதைப் படித்துவிட்டு எண்ணெயை நேரடியாக ஊற்றலாம் என்று யாரும் துணியக் கூடாது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மை. விருத்தாசலம், அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வி.ஆர்.ஐ. நிலக்கடலை ரகங்கள் வெளிவந்த ஊர் என்பதால் அந்தக் கதை இங்கே இனிக்கவும் செய்யும். ஆனால் பதப்படுத்தாத தாவர எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைப்போல் பத்து மடங்கு. நாசில் அதைப் பொடித்தூறலாக்க முடியாது. பெருந்துளிகள் அரைகுறையாக எரிந்து நாசிலிலும் வால்விலும் கரியாகும். எஸ்டராக மாற்றிய பயோடீசலுக்கு மட்டுமே அந்த முடிவு பொருந்தும்.

புதிய எஞ்சின்களில் படிவு மீண்டும் இன்லெட் பக்கம் திரும்பிவிட்டது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புகையின் ஒரு பகுதியை உள்ளே திருப்பிவிடும் ஏற்பாட்டில், அந்தப் புகையின் கரித்தூளும் கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியும் இன்லெட் பாதையில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் கார்களில் இது இன்னும் கூர்மை. பழைய முறையில் பெட்ரோல் இன்லெட் வால்வின் முதுகில் தெளிக்கப்பட்டதால், அதிலுள்ள டிடர்ஜென்ட் வால்வைக் கழுவியது. நேரடிப் பீய்ச்சலில் பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை. ஆகவே டேங்கில் ஊற்றும் ‘வால்வு கிளீனர்’ பாட்டில் இன்ஜெக்டருக்கு உதவலாம், இன்லெட் வால்வுக்கு உதவ வழியில்லை. தொடாத இடத்தை ஒரு திரவம் எப்படிக் கழுவும்? அங்கே மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுப் பொடியைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் எடுக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலப்பும் இதை மாற்றாது. எத்தனால் கரி குறைவாக எரியலாம். கைடு வழியே இறங்கும் ஆயிலை அது நிறுத்தாது.

அப்படியானால் பட்டறையில் சுத்தம் செய்வதே வீணா என்று கேட்கலாம். வீணில்லை, ஆனால் அடிக்கடி செய்யும் சுத்தம் தானே கெடுதல். ஒவ்வொரு முறை பேஸ்ட் போட்டு அரைக்கும்போதும் சீட்டின் வளையம் அகலமாகிறது. அகன்ற வளையத்தில் அழுத்தம் பரவிக் குறையும்; கரித்துணுக்கை நசுக்கித் தள்ளும் வலு போய்விடும். வால்வின் விளிம்பு மெலிந்தால் சீக்கிரம் சுடும். ஆகவே அரைக்கும் முன் காரணத்தைத் தேட வேண்டும். நீண்ட நேரம் நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் முதலில் கைடையும் சீலையும் பார்க்கலாம். கரும்புகை என்றால் நாசிலையும் ஏர் ஃபில்டரையும். மக்காச்சோளம் அடிக்கும் பருவத்தில் ஃபில்டர் அடைவது சகஜம். டேப்பெட் இடைவெளி குறைந்து வால்வு முழுதாக மூடாமல் இருந்தால் எந்தச் சுத்தமும் பயன்படாது.

பம்பு செட்டு வைத்திருப்பவருக்கு ஒரு வேலை போதும். ஜாக்கெட்டுக்குப் போகும் கிளைக் குழாயில் ஒரு கேட் வால்வு போட்டு, வெளியே விழும் நீர் கை பொறுக்காத சூட்டுக்கு, சுமார் 60 டிகிரிக்கு, வரும்வரை குறைக்கலாம். முற்றிலும் மூடக் கூடாது. இல்லையென்றால் ஒரு டிரம்மில் நீர் நிரப்பி, சூட்டினால் தானே சுழலும்படி இணைக்கலாம்.

ஆய்வாளர்களிடம் கேட்பதும் ஒன்றுதான். இரண்டு எஞ்சின்களை 35 முதல் 40 சதவீதச் சுமையில் 512 மணி நேரம் ஓட்டுங்கள். ஒன்றின் ஜாக்கெட்டில் கிணற்று நீர் அப்படியே பாயட்டும், மற்றதில் 60 டிகிரியில் கட்டுப்படுத்துங்கள். இறுதியில் வால்வுகளைக் கழற்றி எடைபோட்டு வெளியிடுங்கள். அதற்கான எஞ்சினும் ஆய்வகமும் திட்டக்குடி இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில், அண்ணாமலை நகரில் இருக்கின்றன.