மேடையில் யாருக்கு இடம்

சில நிமிடங்களே ஓடுகிற கறுப்பு வெள்ளைக் காணொளி அது. முதல்முறை பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். மேடையில் நிற்பவளைப் பார்த்துக் கூட்டம் கூச்சலிடுகிறது, இறங்கு என்கிறது. கூச்சலிடுபவர்கள் போலீசாரோ மதவாதிகளோ அல்லர். விடுதலை கேட்டு ஊர்வலமாக நடந்து வந்தவர்கள். அவர்களில் என்னைப் போன்ற பெண்ணியவாதிகளும் இருந்தார்கள் என்பதுதான் தொண்டையில் நின்றது.

அன்று 1973 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. இடம் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா. 1969 ஜூன் 28 விடியலுக்கு முன், கிறிஸ்டோபர் தெருவின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் நுழைந்தபோது அங்கிருந்தவர்கள் அடங்கிப் போகாமல் திருப்பி எதிர்த்தார்கள். அதன் நினைவாக அடுத்த ஆண்டு தொடங்கிய ஊர்வலத்துக்கு இது நான்காம் ஆண்டு. இன்று உலகமெங்கும் 'பிரைடு' என்று நடப்பதன் வேர் அந்த ஊர்வலம். (சென்னையில் 2009 முதல் நடப்பதை 'வானவில் சுயமரியாதைப் பேரணி' என்கிறார்கள். பெருமிதம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் சுயமரியாதை என்று வைத்தவரின் காதை மெச்சுகிறேன்.)

மேடையில் நின்றவள் சில்வியா ரிவேரா. அப்போது 22 வயதுகூட நிரம்பவில்லை. தந்தை புவெர்ட்டோ ரிக்கோக்காரர், தாய் வெனிசுவேலாக்காரர். மூன்று வயதில் தாய் தற்கொலை செய்துகொள்ள, பாட்டியிடம் வளர்ந்து, பத்துப் பதினோரு வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி 42ஆம் தெருவில் பிழைத்தவள். சில்வியா என்ற பெயரே தெரு கொடுத்ததுதான். 1970இல் தோழி மார்ஷா பி. ஜான்சனுடன் சேர்ந்து 'ஸ்டார்' என்ற அமைப்பைத் தொடங்கினாள். வீடு துரத்திய பிள்ளைகளுக்கு ஒரு கூரை கொடுப்பதே அதன் முதல் வேலை. அந்தப் பிள்ளைகள் தெருவுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக இவர்கள் இருவரும் தெருவில் உடலை விற்று வாடகை கட்டினார்கள். அமைப்பு, இயக்கம் என்று நாம் கருத்தரங்குகளில் சொல்லும்போது இந்த வாடகைக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை.

ஒரு நாள் முழுக்க முயன்று மேடையேறிய சில்வியா என்ன பேசினாள்? சிறையில் அடிபட்டும் வன்புணரப்பட்டும் கிடக்கிற நம்மவர்களைப் பற்றிப் பேசினாள். அவர்கள் உதவி கேட்டுப் பெண்கள் குழுக்களுக்கு எழுதுவதில்லை, ஸ்டாருக்குத்தான் எழுதுகிறார்கள் என்றாள். இந்த இயக்கத்துக்காக வேலையையும் வீட்டையும் இழந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் கிழிந்தது. அவளுக்குப் பின் ஜீன் ஓலியரி பேசினார். முன்னாள் கன்னியாஸ்திரி, தன்பாலீர்ப்புப் பெண்களுக்கெனத் தனி அமைப்பு கண்டவர். கேளிக்கைக்கும் காசுக்கும் பெண் வேடம் போடும் ஆண்கள் பெண்களை இழிவுபடுத்துகிறார்கள் என்பது அவருடைய வாதம். மோதல் முற்றியபோது பாடகி பெட் மிட்லர் வந்து பாடித்தான் கூட்டத்தை அமர்த்த வேண்டியிருந்தது. சில்வியா வீட்டுக்குப் போய்த் தற்கொலைக்கு முயன்றாள். காப்பாற்றியவள் மார்ஷா. அதன் பிறகு நெடுங்காலம் இயக்கத்தின் பக்கமே வரவில்லை.

ஓலியரியைத் திட்டித் தீர்த்துவிடுவது எளிது. ஆனால் அவர் கோபம் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஆண்கள் நடத்திய அந்த அமைப்புகளில் பெண்களுக்குப் பேச்சில்லை என்பது உண்மை. மேடையில் இடம் கேட்டுப் போராடியவர், கிடைத்த இடத்திலிருந்து தனக்கும் கீழே நின்றவளைத் தள்ளினார். பிற்காலத்தில் அதற்காக வருந்தியும் இருக்கிறார்.

நானும் அப்படி ஒரு தள்ளலுக்கு உடந்தையாக இருந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் மகளிர் தின விழாவுக்குக் கவிதை எழுதும் திருநங்கைத் தோழி ஒருவரை அழைக்கச் சொன்னேன். 'கலை நிகழ்ச்சியில் போட்டுக்கலாமே மேடம், டான்ஸ் ஆடுவாங்கல்ல' என்றார்கள் குழுவில். அவர் ஆடுபவர் அல்லர் என்று சொன்னேன். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. சிறப்புரை ஆற்றிய நான் பொன்னாடை போர்த்திக்கொண்டு வீடு வந்தேன். தோழியிடம் இன்றுவரை அதைச் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அறிவார்.

தமிழ் படித்தவளுக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பேடியை உயர்திணையில் வைக்கிறார். ஆனால் அவருக்கெனத் தனி ஈறு இல்லை, ஆண்பால் பெண்பால் ஈறுகளையே கொண்டு முடிய வேண்டும் என்கிறார். திணை உண்டு, ஈறு இல்லை. 1973இல் ஊர்வலத்தில் நடக்க இடம் உண்டு, மேடையில் இல்லை.

சில்வியாவுக்கு மரியாதை 1994இல் வந்தது. ஸ்டோன்வாலின் 25ஆம் ஆண்டு ஊர்வலத்தில் அவளை முன்னிறுத்தினார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1992 ஜூலையில், மார்ஷாவின் உடல் ஹட்சன் ஆற்றில் மிதந்தது. போலீஸ் தற்கொலை என்று எழுதி மூடியது, தோழிகள் ஏற்கவில்லை, 2012இல் வழக்கைத் திரும்பத் திறந்தார்கள். சில்வியா 2002 பிப்ரவரி 19 அன்று கல்லீரல் புற்றுநோயால் இறந்தாள். மருத்துவமனைப் படுக்கையிலும், மாநிலச் சட்ட வரைவில் எங்களை விட்டுவிடாதீர்கள் என்று தலைவர்களிடம் வாதிட்டாள். அந்த ஆண்டு டிசம்பரில் சட்டம் வந்தது, அவர்களை விட்டுவிட்டே வந்தது. சேர்த்துக்கொள்ள 2019 ஆயிற்று.

இறந்த பிறகு தெருமுனைக்குப் பெயர் வைத்தார்கள். வாஷிங்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் அவள் படம் இருக்கிறது. 2019இல் இருவருக்கும் நினைவுச்சின்னம் அமைப்பதாக நியூயார்க் நகராட்சி அறிவித்தது. ஸ்டோன்வாலுக்கு எதிரேயுள்ள பூங்காவில் 1992 முதல் நிற்பவை ஜார்ஜ் சீகல் செய்த நான்கு உருவங்கள், நான்கும் வெள்ளை வெளேரென்று. 2021 ஆகஸ்டில் சிலர் அனுமதி கேட்காமலே அங்கே மார்ஷாவின் மார்பளவுச் சிலையைக் கொண்டுபோய் வைத்தார்கள். எனக்கு எல்லா மரியாதைகளிலும் பிடித்தது அதுதான்.

அந்தப் பூங்காவையும் விடுதியையும் சேர்த்துத் தேசிய நினைவிடமாக ஒபாமா அறிவித்த நாளும் ஒரு ஜூன் 24, ஆண்டு 2016. 2025 பிப்ரவரியில் அந்த நினைவிடத்தின் அரசு இணையதளத்திலிருந்து திருநர்களைக் குறிக்கும் சொல்லை நீக்கினார்கள். மறுநாளே பூங்காவில் கூட்டம் கூடிவிட்டது. கையெழுத்து அட்டைகளோடு, குளிரில்.