சானடோரியமும் சேத்துப்பட்டும்



என் சிறு வயதில் 'சயரோகம்' என்ற சொல்லை வீட்டில் யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். பரம்பரை வியாதி என்று நம்பியதால், அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவார்கள். அது கிருமியால் வருவது என்று ஜெர்மனியின் ராபர்ட் காக் 1882-லேயே நிரூபித்திருந்தார். ஆனாலும் மருந்து இல்லை. ஓய்வு, சுத்தமான காற்று, பால், முட்டை இவைதான் வைத்தியம். அதற்காகவே டாக்டர் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர் அப்படி வந்ததுதான்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் மருந்தும் வந்தன. 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. இப்போது சிக்கல் வேறு. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ மிகக் குறைவு. நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா?

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்னது நம் சென்னை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், மறு பாதிக்கு அவரவர் வீடு. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு.

வீட்டில் இருந்தவர்களுக்கு இட நெருக்கடி, வேலை, சத்துக்குறைவான சாப்பாடு. சானடோரியத்தில் நல்ல உணவும் முழு ஓய்வும். ஆனால் 1959-ல் முடிவு வெளியானபோது, இரு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய சமம்! அதைவிட முக்கியம், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. மருந்து ஆரம்பித்ததும் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. பரவல் பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதன் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா? அங்கேதான் வரலாறு மறுபடி திரும்புகிறது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. வந்த நோயைக் குணமாக்குவது மருந்து. வராமல் காப்பதில் சோற்றுக்கும் பங்கு உண்டு.

மருந்து மாறிவிட்டது, அந்தப் பழைய பயம் மட்டும் மாறவில்லை. இன்றும் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்கள். தட்டில் இந்த நோய் பரவாது, காற்றில்தான் பரவும். பயத்தில் நோயை மறைத்து வைத்தால்தான் அது வீட்டிலுள்ளோருக்குப் போகும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். இடையில் நிறுத்தாமல் மருந்தை முழுவதும் சாப்பிட வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்