எழுதியது ஒன்று, ஓதியது ஒன்று

ஊவா மாகாணத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையில், மலைச்சரிவில் அமைந்தது மீரியபெத்த என்னும் தேயிலைத் தோட்டம். 2014 அக்டோபர் 29-ஆம் நாள் நேர்ந்த மண்சரிவினால் அதன் பெயரை உலகம் துயரத்தோடு அறிந்தது. பதுளைப் பகுதித் தோட்டங்களில் வாழும் தமிழருள் பெரும்பாலோர் சைவர். எனினும் இம்மலைகளில் கத்தோலிக்கக் கோவில்களும் சீர்திருத்தக் கிறித்தவரின் செபவீடுகளும் உள. விவிலியத்தின் முதல் வாக்கியம் இவ்விரண்டிடத்தும் வாசிக்கப்படுமாயின், உலகைப் படைத்தவர் ஓரிடத்தில் ‘தேவன்’ என்று அழைக்கப்படுவார்; மற்றோரிடத்தில் ‘கடவுள்’ என்று அழைக்கப்படுவார். மூலம் ஒன்று, மொழியும் ஒன்று. பெயர் மட்டும் இரண்டு. இதன் காரணத்தை ஆராயப் புகுவோர் யாழ்ப்பாணத்துப் பண்டிதரையும், அவர்க்கு மிக முற்பட்ட யூத ஏடெழுதுவோரையும் நாடிச் செல்லுதல் வேண்டும்.

பண்டை யூதருள் மறைநூலைப் படியெடுத்தோர் கையால் மட்டும் எழுதியவர் அல்லர், கருத்தாலும் எழுதியவர். தாவீது அரசன் குடிமக்களைக் கணக்கெடுத்துப் பாவத்துக்குள்ளான வரலாறு சாமுவேல் நூலில் உண்டு. அச்செயலுக்கு அவனைத் தூண்டியவர் சினங்கொண்ட இறைவனே என்கிறது அந்நூல். பிற்காலத்தார்க்கு இது பொறுக்கவில்லை. அதே வரலாற்றை மீண்டும் எழுதிய நாளாகம ஆசிரியர், தூண்டியவன் சாத்தான் என்று மாற்றினார். வியப்பு யாதெனின், புதியது தோன்றிய பின்னும் பழையது எறியப்படவில்லை. இரண்டும் ஒரே மறைத்தொகுதியில் இன்றுவரை இடம்பெற்றுள்ளன.

1947 முதல் சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த தோற்சுருள்கள் இப்பழக்கத்தை நன்கு விளக்கின. தொடக்க நூலின் கதைகளை வானதூதன் ஒருவன் மோசேக்கு உரைப்பதாகத் திரும்பச் சொல்லும் யூபிலி நூலின் எபிரேயப் பகுதிகள் அங்கே கிடைத்தன. அபக்கூக்கு என்னும் தீர்க்கதரிசியின் வாசகங்களை ஒவ்வொன்றாக எழுதி, அவற்றுக்குத் தம் காலத்து நிகழ்ச்சிகளையே பொருளாகக் கூறும் உரைச்சுருளும் ஒன்று கிடைத்தது. இவ்வுரையை எழுதியவர் இறைவன் திருப்பெயர் வருமிடமெல்லாம் வழக்கிலிருந்த எழுத்தை விடுத்து, முன்னோர் காலத்துப் பழைய எழுத்தில் அதனைப் பொறித்தார். வேறு சில ஏடுகளில் அப்பெயருக்குப் பதிலாக நான்கு புள்ளிகளே உள்ளன.

நான்கு மெய்யெழுத்துகளாலான அத்திருப்பெயரை யூதர் வாயால் சொல்வதில்லை. ஏட்டில் அது இருக்கும். ஓதுபவர் ‘ஆண்டவர்’ எனப் பொருள்படும் ‘அதோனாய்’ என்பதையே ஓதுவார். எழுதியது ஒன்று, ஓதியது ஒன்று. பிற்காலத்தில் உயிர்க்குறிகள் இட்ட மசோரெத்தியர், நான்கு மெய்களையும் தொடாமல், ஓத வேண்டிய சொல்லின் உயிர்க்குறிகளை அவற்றோடு சேர்த்தனர். இக்குறிப்பை உணராத ஐரோப்பியர் இரண்டையும் கூட்டி வாசித்ததால் பிறந்த சொல்லே ‘யேகோவா’. அது தமிழ் விவிலியத்திலும் சில இடங்களில் ஏறிவிட்டது!

இனித் தமிழுக்கு வருவோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715-இல் முடித்தபோது கையாண்ட பெயர் ‘சருவேசுரன்’. கொழும்பில் பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழ்ப் போதகர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759-இல் வெளிவந்தது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் பபிரிசியு ‘பராபரன்’ என்ற சொல்லை நிலைநாட்டினார். தமிழ்நாட்டுக் கிறித்தவர் பலர்க்கு அச்சொல் உயிரோடு கலந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் புதிய மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். அவர்க்குத் துணைநின்றவர் அவரிடம் கற்று அவர் பள்ளியிலேயே ஆசிரியரான நல்லூர் ஆறுமுகம்பிள்ளை. பின்னாளில் ஆறுமுக நாவலர் என்று போற்றப்பட்டவர். 1850-இல் சென்னையில் அச்சான அம்மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ நீங்கித் ‘தேவன்’ வந்தது. இம்மாற்றத்துக்கு நியாயம் உண்டு. எபிரேயத்தில் ‘ஏலோகீம்’ என்னும் ஒரே சொல் ஏக இறைவனையும் குறிக்கும், பிற இனத்தார் வணங்கும் தெய்வங்களையும் குறிக்கும். பராபரனைப் பன்மையாக்க இயலாது. தேவனைத் தேவர்கள் ஆக்கலாம். ஆனால் எதிர்த்தோர் பக்கமும் நியாயம் உண்டு: இந்திரன் முதலிய எல்லாரும் தேவரே எனில், ஏக இறைவனுக்கு அப்பெயர் எவ்வாறு பொருந்தும்? அம்மொழிபெயர்ப்பு நெடுநாள் நிலைபெறவில்லை. எனினும் ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பும் ‘தேவன்’ என்பதையே கொண்டது. நான்கெழுத்துத் திருப்பெயர் வருமிடத்தில் அது ‘கர்த்தர்’ என்றது. ஓதும் சொல்லையே எழுதும் சொல்லாக்கிய செயல் இது.

நாவலர் கதை இங்கே முடியவில்லை. 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் சைவப் பிரசங்கம் தொடங்கிய அவர், அடுத்த ஆண்டு பேர்சிவலை விட்டு விலகினார். 1852-இல் சேக்கிழாரின் செய்யுளை யாவரும் படிக்கும் உரைநடையாக மாற்றிப் பெரியபுராண வசனத்தை வெளியிட்டார். கிறித்தவ வேதத்தில் பழகிய கை சைவ வேலைக்குத் திரும்பியது என்றால் தவறாகாது. பழைய நூலை இக்காலச் செவிக்கேற்ப மீண்டும் எழுதும் தொழிலில் யூபிலி நூலாசிரியர்க்கும் நல்லூரார்க்கும் உறவு நெருங்கியதே. செய்யுளாலான மூலநூல் அப்படியே நிற்க, வசனம் அதனருகே வந்து அமர்ந்தது.

மலைநாட்டுத் தோட்டங்களிலோ நூலைக் கண்ணால் படித்தோர் சிலர். காதால் கேட்டோர் பலர். தோட்டத் தமிழர்க்கென 1854-இல் ஏற்பட்ட கிறித்தவ ஊழியத்தில், வேதத்தை வாசித்துப் பொருள் சொல்லும் பணி உபதேசியாரைச் சார்ந்தது. யூதர் தொழுகைக்கூடத்திலும் இத்தகையவர் ஒருவர் உண்டு. எபிரேயம் மறந்த மக்களுக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் அரமேயத்தில் எடுத்துரைப்பவர் அவர். மொழிபெயர்ப்பும் ஏட்டிலேயே உள்ளதென்று மக்கள் மயங்காதிருக்க, வாசிப்பவர் அவர்க்கு இடையே சொல் எடுத்துக் கொடுத்தல் ஆகாது. யாக்கோபின் மகன் ரூபன் செய்த குற்றத்தைப் போன்ற சில பகுதிகளை வாசிக்கலாம், மொழிபெயர்த்தல் கூடாது என்ற விதியும் இருந்தது. முன்னோர் பழியை ஏட்டிலிருந்து அழிக்கவில்லை. ஊரறியச் சொல்லவும் இல்லை.

‘கடவுள்’ என்னும் சொல்லைக் கொண்டு, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. ஆயினும் சீர்திருத்தச் சபையாருள் பெரும்பாலோர் 1871-ஆம் ஆண்டின் நடையையே விடாது ஓதி வருகின்றனர். வேத வாசகத்திலிருந்து நீங்கிய ‘பராபரன்’ அவர்கள் பாடும் கீர்த்தனைகளில் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.