போர்ட்லாந்தின் மஞ்சள் சட்டைகள்

அமெரிக்காவில் தெருக்காவல் என்பது நகராட்சியும் மாநிலமும் பார்க்கும் வேலை; கூட்டரசுக்கு, அதாவது வாஷிங்டனில் இருக்கும் நடுவண் அரசுக்கு, அந்தப் பொது அதிகாரம் கிடையாது. தன் கட்டடங்களைக் காத்துக்கொள்ள மட்டும் அதற்குச் சட்டம் உண்டு. காப்பதற்குத் 'தேவையான அளவு' வெளியேயும் செயல்படலாம் என்று அச்சட்டம் கூறுவதால், அந்த அளவு எத்தனை தெரு தள்ளிப்போகும் என்பதே 2020 ஜூலையில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரின் சச்சரவாயிற்று.

மினியாபொலிசில் மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரரின் முழங்காலடியில் உயிரிழந்ததைக் கண்டித்துத் தொடங்கிய போராட்டம், ஜூலைத் தொடக்கத்தில் இந்நகரில் சில நூறு பேராகத் தேய்ந்திருந்தது. அங்குள்ள கூட்டரசுக் கட்டடமான ஹாட்ஃபீல்டு நீதிமன்றத்தைக் காக்கவென்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அனுப்பியவர்களில் எல்லைக் காவலுக்குப் பயிற்சி பெற்றவர்களும் இருந்தனர். பச்சை உருமறைப்புச் சீருடையில், பெயர்வில்லை இன்றி, அடையாளமற்ற வேனில் வந்து ஆளைப் பிடித்தேற்றிய காணொளி பரவியபோது, பிடித்தவர் யாரென்றே தெரியாத நிலை, விழுந்த அடிகளுக்குக் குறையாமல் மக்களை உலுக்கியது.

தேய்ந்த கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. மஞ்சள் சட்டையும் சைக்கிள் தலைக்கவசமும் அணிந்த தாய்மார் கைகோத்து முன்வரிசையில் நிற்க, அவர்களுக்குத் துணையாக வந்த தந்தையர் சிலர், இலையுதிர்காலத்தில் முற்றத்துச் சருகை ஊதித் தள்ளும் வீட்டு இயந்திரத்தால், கூட்டரசுக் காவலர் வீசிய கண்ணீர்ப்புகையை வந்த திசைக்கே திருப்பி ஊதினர். காவல்துறைக்கும் பொறுப்பாளரான மேயர் டெட் வீலர் ஜூலை 22 இரவு அங்கு வந்து அதே புகையில் கண்கலங்கி நின்றார். அவருடைய போலீசும் அதே புகையை முன்பு வீசியிருந்ததைக் கூட்டம் மறக்கவில்லை, அவரை ஏசவே செய்தது.

நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பத்திரிகையாளர்களையும் சட்டப் பார்வையாளர்களையும் தாக்கக் கூடாதென்று ஜூலை 23 அன்று ஒரு நீதிபதி தடைவிதிக்க, கைதுகளைக் கட்டுப்படுத்தக் கோரிய மாநில அரசுக்கு அவ்வழக்கைத் தொடுக்கும் தகுதி நிலைநாட்டப்படவில்லை என்று மறுநாள் இன்னொருவர் கைவிரித்தார். நகராட்சியோ, நீதிமன்றத்தைச் சுற்றிய கூட்டரசு வேலி சைக்கிள் பாதையை அடைத்ததென்று 15 நிமிடத்துக்கு 500 டாலர் அபராதம் போட்டது. பெரும் அதிகாரத்தோடு மோதச் சிறிய விதியைத் தேடிப்பிடித்த சாமர்த்தியம் அது.

கூட்டரசுக் காவலர் விலக, மாநிலப் போலீஸ் அவர்கள் இடத்துக்கு வரும் உடன்பாட்டை ஆரிகன் ஆளுநர் கேட் பிரவுன் ஜூலை 29 அன்று அறிவித்தார். மறுநாள் இரவு மாநிலப் போலீஸ் காவலேற்க, கூட்டம் அப்போதும் திரண்டிருந்தும், வாரக்கணக்கில் புகை சூழ்ந்திருந்த அந்தத் தெரு பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது.