பரங்கிமலைக்கு என்ன வயது?

இமயமலை இளையது, ஆரவல்லியும் மேற்குத் தொடர்ச்சி மலையும் முதியவை என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். எதன் வயதைச் சொல்கிறோம் என்பதை மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். பாறை உருவான காலம் ஒன்று. அது மலையாக எழும்பிய காலம் வேறு. இன்று கண்ணுக்குத் தெரியும் உச்சியும் சரிவும் செதுக்கப்பட்ட காலம் இன்னொன்று. மலையின் வயது என்ற சொல்லை இரண்டாவதற்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழைய மலை, புதிய மலை என்ற ஒப்பீட்டுக்கே பொருள் இருக்காது.

இந்தக் குழப்பத்தைத் தெளிவிக்கச் சென்னைப் பரங்கிமலையே போதும். சுமார் 300 அடி உயரம்தான். மலை என்பதே கொஞ்சம் தாராளம். ஆனால் அதன் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் பலகையும் பரங்கிமலையை அடுத்த பல்லாவரத்துக் கல்தான். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரால் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். பூமிக்குள் 20 கிலோமீட்டர் அளவு ஆழத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகும் பாறை இது. அது வெயிலில் கிடக்கிறது என்றால் மேலிருந்த அத்தனையும் கரைந்து போயிருக்க வேண்டும். ஆழத்துப் பாறை எப்படி மேலே வரும்? விடைக்கான தடயம் கிடைத்ததும் இந்த மலையில் தொடங்கிய ஒரு வேலையால்தான். 1802-இல் வில்லியம் லாம்டன் இதன் அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, பிறகு இமயத்தின் அடிவாரம் வரை நீண்டது. அங்கே நிலத்தில் அளந்த கணக்குக்கும் விண்மீன்களைப் பார்த்துப் போட்ட கணக்குக்கும் இடையே 5 வில்விநாடிக் கோணம் இடித்தது. பக்கத்து மலை தூக்குக்குண்டை ஈர்க்கிறது என்பதுதான் காரணம் என்றால், கணிதவியலாளர் பிராட் போட்ட கணக்குப்படி வித்தியாசம் 15 வில்விநாடிக்கும் மேல் வந்திருக்க வேண்டும். இத்தனை பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது? மலைக்கு அடியில் எடை குறைந்த வேர் இறங்கியிருக்கிறது என்று 1855-இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி விளக்கினார். கடலில் பனிப்பாறை மிதப்பதுபோல் மலையும் மிதக்கிறது. மேலே தேயத் தேய வேர் உயர்ந்து வருகிறது. அப்படி மேலே வந்த ஆழத்துப் பாறைதான் பரங்கிமலை.

இமயத்தில் கதை வேறு. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை. 45 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. கடல் உயிர்களின் எச்சங்கள் அதில் உண்டு. அப்படியானால் இமயமும் பழையதுதானே என்று கேட்கலாம். பழைய தேக்கில் இன்று செய்த கதவைப் பழங்கதவு என்போமா? இந்தியத் தட்டு ஆசியாவில் முட்டத் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அந்த முட்டலில் மடிந்து எழுந்த மலை இது. முட்டல் இன்னும் ஓயவில்லை. மலை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆரவல்லியை மடித்த விசைகளோ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அடங்கிவிட்டன. இந்த இரண்டையும் ஒப்பிடுவது நியாயம். இரண்டும் மடிப்பு மலைகள்.

மேற்குத் தொடர்ச்சியை அந்த வரிசையில் சேர்ப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. அது மடிந்து எழுந்த மலையே அல்ல, பீடபூமியின் உடைந்த விளிம்பு. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கர் பிரிந்துபோனபோது மேற்குக் கரை பிறந்தது. இன்றைய செங்குத்துச் சரிவு அதற்குப் பிந்தியது. வடபகுதியில் அது செதுக்கப்பட்ட எரிமலைப் பாறைக்கே வயது 6.6 கோடிதான். பாறையைக் காட்டி முதிய மலை என்றால், மகாராஷ்டிரத்துச் சரிவை என்ன செய்வது? தேய்ந்து குட்டையானதே முதுமையின் அடையாளம் என்ற வாதமும் நிற்காது. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவும் சார்னோகைட்தான், பரங்கிமலையும் சார்னோகைட்தான். இரண்டுக்கும் பாறை வயது ஏறக்குறைய ஒன்றே.