நீங்கள் அப்லோடு செய்த ஃபைலை வேறு யாராவது திறக்க முடியுமா?

வேலைக்கு ரெஸ்யூம், வாடகை வீட்டுக்கு ஆதார், கடனுக்கு சம்பளச் சீட்டு என்று ஏதோ ஒரு ஃபைலை ஏதோ ஒரு தளத்தில் ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். பச்சை டிக் வந்ததும் மறந்தும்விடுகிறோம். அந்த ஃபைல் எங்கே போகிறது? மறுபடி கேட்டால் எப்படி வருகிறது? பல நேரங்களில் சிக்கல் இருப்பது, அது திரும்பி வரும் வழியில்தான்.

ஃபைல் எங்கே இருக்கும்?

ரயில் நிலைய கிளாக் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி அலமாரியில் இருக்கும். அது யாருடையது, எந்தத் தட்டில் இருக்கிறது என்பது ரெஜிஸ்டரில் இருக்கும். பெரும்பாலான வெப் ஆப்களும் இப்படித்தான். ஃபைல் சர்வரின் ஒரு ஃபோல்டரிலோ, அமேசான் எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பிலோ இருக்கும். டேட்டாபேஸில் இருப்பது விவரம் மட்டுமே: யார் ஏற்றியது, என்ன பெயர், எங்கே இருக்கிறது.

ஆயிரம் பேர் 'ரெஸ்யூம்.பிடிஎஃப்' என்ற பெயரிலேயே ஏற்றினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். அதனால் நன்றாக எழுதப்பட்ட ஆப், ஒவ்வொரு ஃபைலுக்கும் நீளமான, ஊகிக்க முடியாத பெயர் ஒன்றைக் கொடுத்துச் சேமிக்கும். நீங்கள் வைத்த பெயர் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கும்.

திரும்ப எடுக்கும்போது என்ன நடக்கிறது?

'டவுன்லோடு' பட்டனை அழுத்தியதும் சர்வர் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று, நீங்கள் லாகின் செய்திருக்கிறீர்களா? இரண்டு, இந்த ஃபைலைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால்தான் ஃபைல் வர வேண்டும். பல தளங்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். சில தளங்கள் இரண்டையுமே கேட்பதில்லை. டோக்கனைப் பார்க்காமல், எண்ணைச் சொன்னாலே பெட்டியை எடுத்துக் கொடுக்கிற கிளாக் ரூம் மாதிரி.

கேட்காமல் விட்டால்?

அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துப் பத்திரக் காப்பீட்டு நிறுவனத்தில் 2019-ல் தெரியவந்தது இதுதான். ஆவண லிங்க்கில் ஒரு எண்ணை மாற்றினாலே இன்னொருவரின் ஆவணம் திறந்தது, பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. வங்கிக் கணக்கு எண்கள் உட்பட சுமார் 88.5 கோடி ஆவணங்கள் இப்படித் திறந்து கிடந்தன. இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப், 2021-ல் வெளியிட்ட டாப் 10 ஆபத்துகள் பட்டியலில் இந்த வகைக் குறைபாட்டுக்குத்தான் முதலிடம் கொடுத்தது.

சரியான வழி எது?

ஒவ்வொரு முறையும் உரிமையைச் சோதித்த பிறகு, சிறிது நேரத்தில் காலாவதியாகும் லிங்க்கை உருவாக்கித் தருவது ஒரு நல்ல வழி. எஸ்3-ல் இத்தகைய லிங்க்கின் ஆயுள் அதிகபட்சம் 7 நாட்கள். பல ஆப்களுக்குச் சில நிமிடங்களே போதும்.

நீங்களே சோதிக்கலாமா?

உங்கள் சொந்த ஃபைலை வைத்துச் சோதிக்கலாம். ஃபைலின் லிங்க்கைக் காப்பி செய்து, மறுநாள் இன்காக்னிட்டோ விண்டோவில் லாகின் செய்யாமல் திறந்து பாருங்கள். திறந்தால், லிங்க் கிடைக்கிற யாரும் அதைப் பார்க்கலாம் என்று அர்த்தம். உடனே நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிடம் தெரிவிக்கலாம். லிங்க்கில் எண்ணை மாற்றி அடுத்தவர் ஃபைலைத் திறந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்; அது உங்களையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல்களைக் காக்க உரிய பாதுகாப்பு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள்படி, முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பிறகே அமலுக்கு வரும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான்: கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள். வேலை முடிந்த தளங்களில் பழைய ஃபைல்களை டெலீட் செய்யுங்கள். அந்த ஆப்ஷன் இல்லையென்றால், நீக்கச் சொல்லி மெயில் அனுப்புங்கள்.