ரங்கூன் வழியாக வந்த போர்

1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்குப் பின் ஜப்பானியர் மேற்கே வந்த வேகத்தைத் திகதிகளே சொல்லும்: மார்ச் 8 ரங்கூன், மார்ச் 23 அந்தமான், ஏப்ரல் 5 கொழும்பு. முதல் இரண்டு இடங்களையும் படை வந்து பிடித்துக்கொண்டது. கொழும்பில் விமானங்கள் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போயின. ஆனாலும் இலங்கையில் அந்தப் போரைப் பற்றி எழுந்த எழுத்தில் பெரும்பகுதி அந்த உயிர்த்த ஞாயிறு காலையையே சுற்றிச் சுற்றி வருகிறது. என் கணிப்பு வேறு. கொழும்பின் மீது, அதிலும் துறைமுகத்தை ஒட்டிய ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு மக்களின் மீது போர் போட்ட பெரிய அடி, அதற்கு நாலு வாரம் முன்பே ரங்கூனில் விழுந்துவிட்டது.

குண்டுவீச்சை முதலில் பார்ப்போம். வந்தது சாதாரணப் படையல்ல. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் அதே அணி, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்தது. கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஏப்ரல் 4 மாலை அதைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் வானொலியில் செய்தி அனுப்பினார். அதனால் புறப்படக்கூடிய கப்பல்கள் பல இரவோடிரவாகத் துறைமுகத்தை விட்டு வெளியேறின. மறுநாள் காலை துறைமுகத்திலே டெனடோஸ், ஹெக்டர் ஆகிய இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. இரத்மலானை விமானத்தளம் தாக்கப்பட்டது. அங்கொடை மனநோய் மருத்துவமனையின் மீதும் குண்டு விழுந்தது. பெரிய இழப்பு கடலில்தான். டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு குரூசர்களோடு 424 பேர் மாண்டார்கள். ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மஸ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. பிறகு நகுமோவின் அணி கிழக்கே திரும்பியது. இந்தியப் பெருங்கடலுக்கு அது மறுபடி வரவில்லை.

துணிந்து எதிர்த்துச் சுட்டதால்தான் படையிறக்கம் தடுக்கப்பட்டது என்று இன்றும் சொல்வார் உண்டு. அன்று பறந்த விமானிகளின் துணிவை மறுக்க முடியாது. ஆனால் நகுமோவின் பின்னால் துருப்புக் கப்பல்களே வரவில்லை. இலங்கையைப் பிடிக்கும் யோசனையை ஜப்பானியக் கடற்படையின் ஒரு பகுதியினர் 1942 தொடக்கத்தில் முன்வைத்தது உண்மை. சீனாவில் சிக்கியிருந்த, சோவியத் எல்லையையும் காவல் காக்க வேண்டியிருந்த தரைப்படையோ அதற்கு டிவிஷன்களைத் தர மறுத்துவிட்டது. ஆக, ஏப்ரலில் வந்தது பிரித்தானியக் கடற்படையை நொறுக்கி, பர்மாவுக்குப் போகும் தம் கடல்வழியைக் காக்க வந்த திடீர்த் தாக்குதல். நிலம் பிடிக்கும் வேலை பர்மாவில் நடந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் டோக்கியோ ஆவணங்கள் வெளிவந்த பிறகு சொல்லும் கதை, அன்று ஊரை விட்டு ஓடியவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களின் அச்சத்தில் பிழையே இல்லை. நாலு மாதம் முன்பு பினாங்கில் ஐரோப்பியரை இரவில் கப்பலேற்றிவிட்டு, தமிழரையும் சீனரையும் மலாயரையும் அப்படியே விட்டுவிட்டுப் போனது பிரித்தானிய நிர்வாகம். அதை அறிந்த எவரும் கொழும்பில் தம்மைக் காப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருந்து வந்து துறைமுகத்தில் உழைத்தவர்கள் ஏராளமானோர் தலைமன்னார் போய், தனுஷ்கோடிக்குக் கப்பலேறினார்கள். சிங்கப்பூர் போய்விட்டதால் நேசநாடுகளின் சுமை முழுக்க வந்து குவிந்துகொண்டிருந்த துறைமுகத்தில், மூட்டை இறக்க ஆள் இல்லாமற் போனது. ஆனால் இந்தப் பீதி சில மாதங்களில் தணிந்தது. தணியாமல் நின்றது அரிசிப் பிரச்சினை.

போருக்கு முன் இலங்கை தான் உண்ட அரிசியில் பாதிக்கும் மேலானதைக் கப்பலில் வரவழைத்தது. அதில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 இலட்சம் தொன் ஏற்றுமதி செய்த நாடு, அன்றைய உலகின் முதல் அரிசி ஏற்றுமதியாளர். இந்த வியாபாரத்தின் நரம்பு ஜிந்துப்பிட்டிக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஓடியது. செட்டியார் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார்தான் ஐராவதிக் கழிமுகத்தின் உழவருக்கும் கடன் கொடுத்தவர்கள். 1930 களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் போக, 1937 அளவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. பர்மிய உழவரின் மனத்தில் அது விதைத்த வெறுப்பைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ரங்கூன் விழுந்ததும் பத்திரங்கள் வெறும் தாளாயின. இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைவழியாகவும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். ஒரே நாளில் கொழும்பு தன் அரிசியை இழந்தது, செட்டியார் தெரு தன் முதலை இழந்தது.

அதே 1942 இல் அரிசிக்குப் பங்கீடு வந்தது. கூப்பன் புத்தகம் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. அரிசிக் குறையைக் கோதுமை மாவால் நிரப்பினார்கள். மூன்று வேளையும் சோறு உண்ட ஏழை வீட்டில் பாண் நுழைந்தது அந்த ஆண்டுகளில்தான். கூப்பன் பொருளை வழங்குவதற்காகச் சங்கக்கடைகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன.

அப்படியானால் இலங்கையில் யாரும் பட்டினியால் கொத்துக் கொத்தாகச் சாகவில்லையே, அடி எங்கே விழுந்தது என்று ஒருவர் மடக்கலாம். அதற்கு வங்காளத்தைப் பார்க்கச் சொல்வேன். பர்மிய அரிசியை அங்கும் இதே மார்ச்சில் இழந்தார்கள். வங்காளம் அதை நம்பியிருந்த அளவு இலங்கையைவிட மிகக் குறைவு. ஆனாலும் 1943 இல் அங்கே முப்பது இலட்சம் வரையானோர் மடிந்தார்கள். பர்மாவின் வீழ்ச்சி மட்டுமே அதற்குக் காரணமல்ல. விலையேற்றம், பதுக்கல், படகுகளைப் பறிமுதல் செய்த இராணுவ ஆணை, அதிகாரிகளின் அலட்சியம் என்று பல கைகள் சேர்ந்து அந்தப் பஞ்சத்தை உண்டாக்கின. கொழும்பில் அரசு முந்திக்கொண்டு பங்கிட்டது. ஒலிவர் குணதிலகவின் கீழ் இயங்கிய உணவு நிர்வாகத்துக்கு இந்தப் பெருமை சேரவேண்டும். மலாயாவின் இரப்பரும் போய்விட்ட நிலையில், நேசநாடுகளுக்கு எஞ்சிய பெரிய இரப்பர்க் களஞ்சியம் இலங்கை. அதனால் இலங்கைக்கு உணவுக் கப்பல் அனுப்ப இலண்டனுக்கும் நிர்ப்பந்தம் இருந்தது. வங்காளத்து உழவருக்கு அப்படிப் பேரம்பேச ஒன்றும் இல்லை. இலங்கை தப்பியது அடி சிறிது என்பதால் அல்ல, தாங்கிப் பிடிக்க ஆள் இருந்ததால்.

குண்டு விழுந்த கிடங்குகளை விரைவில் கட்டிவிட்டார்கள். பங்கீடோ போர் முடிந்த பின்னும் நின்றது. மானிய விலை அரிசியைத் தம் உரிமையாக மக்கள் எண்ணப் பழகிவிட்டார்கள். சுதந்திரம் பெற்ற நாட்டின் வரவு செலவுத் திட்டம் அந்த மானியத்தைச் சுமக்க முடியாமல் திணறியது. 1953 இல் டட்லி சேனநாயக்க அரசு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12 இல் நாடே ஹர்த்தாலில் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது, ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார்.